ஆகமம் வேறு, தந்திரம் வேறா?

கேள்வி: தந்திரம் என்பது பௌத்தர்கள் வழியாக நம் சைவத்துக்குள் புகுந்த அசுத்தம், மதுவும் மாமிசமும் காமமும்தான் அதில் இருக்கிறது, கோயில் ஆகமத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரிதானா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: சரியில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அதற்கான சாட்சி உங்கள் ஊர் சிவன் கோயிலிலேயே இருக்கிறது. சிவாச்சாரியார் லிங்கத்துக்குப் பூஜை தொடங்கும் முன் என்ன செய்கிறார்? தன் உடலைப் பாவனையில் எரித்துச் சுத்தி செய்து, மந்திரங்களால் மறுபடி உருவாக்கி, கைகளிலும் அங்கங்களிலும் அவற்றைப் பதித்து, தானே சிவமாகி நின்ற பிறகுதான் சிவனைப் பூஜிக்கிறார். பூதசுத்தி (உடலைப் பாவனையில் சுத்தி செய்வது), நியாசம் (அங்கங்களில் மந்திரம் பதிப்பது), முத்திரை, பீஜ மந்திரம் (வித்தாக நிற்கும் எழுத்து மந்திரம்), பீடத்தின் அடியில் வைக்கும் யந்திரத் தகடு, தீட்சை இல்லாதவர் அந்தப் பூஜையைச் செய்யக்கூடாது என்ற விதி எல்லாம் சேர்ந்ததுதான் தாந்திரிக வழிபாடு. சைவ சித்தாந்தம் ஏற்கும் 28 ஆகமங்களும் அந்தக் குடும்பத்து நூல்களே. 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாச்சாரியார் எழுதிய பத்ததி என்ற பூஜை முறை நூல்தான் இன்றும் தமிழ்நாட்டுச் சிவாலயங்கள் பலவற்றுக்கு வழிகாட்டி. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் பெயரே தந்திரம். நான்காம் தந்திரத்தைப் புரட்டினால் சக்கரங்களும் பைரவி மந்திரமும் வரும். அப்புறம் எதை வெளியே தள்ளுவது?

பௌத்தர்கள் கொண்டுவந்தார்கள் என்பதும் நிற்காது. பௌத்தத்தின் தாந்திரிகக் கிளையான வஜ்ரயானத்தின் பெரிய நூல்களில் ஒன்றான சக்கரசம்வர தந்திரத்திலும் அதைச் சார்ந்த நூல்களிலும், பைரவ வழிபாட்டுச் சைவ நூல்களின் பகுதிகள் சின்னச் சின்ன மாற்றங்களோடு அப்படியே இருப்பதை அலெக்சிஸ் சாண்டர்சன் என்ற ஆய்வாளர் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் இதை வைத்து அவர்களைத் திருடர்கள் என்று சொல்லக் கிளம்பினால் அதுவும் அநியாயம். சடங்கை எடுத்தார்கள், தத்துவத்தை எடுக்கவில்லை. வஜ்ரயானத்தில் சாதகர், அதாவது சாதனை செய்பவர், எல்லாவற்றையும் முதலில் சூனியத்தில் கரைக்கிறார். அதிலிருந்து ஒரு பீஜ எழுத்து, அந்த எழுத்திலிருந்து தெய்வ வடிவம், அந்த வடிவம் தானே என்று தியானித்து, முடிவில் அதையும் கரைத்துவிடுகிறார், ஏனென்றால் அங்கே தெய்வத்துக்கும் நிலையான இருப்பு கிடையாது. நம் சிவாச்சாரியாருக்கோ சிவன் என்றும் உள்ள பதி, அதாவது இறைவன்; தானே சிவம் என்று நிற்பது பூஜைக்கான பாவனை. காஷ்மீரத்துச் சைவ ஆசிரியர் அபிநவகுப்தரைக் கேட்டால் அது பாவனையே இல்லை, நீ ஏற்கெனவே சிவன்தான் என்பார். செய்கை ஏறக்குறைய ஒன்று, அதற்குள் மூன்று தரிசனங்கள், மூன்று தத்துவப் பார்வைகள். எனக்கு இந்தத் துறையில் தீராத ஆச்சரியம் இதுதான்.

தென்னாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே போன வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி 720 வாக்கில் சீனத் தலைநகரில் இந்த முறைகளைப் போதித்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அந்தப் பரம்பரையில் சீனாவில் பயின்ற ஜப்பானியத் துறவி கூகாய் 806இல் ஜப்பான் திரும்பினார். அவர் நிறுவிய கோயா மலை மடங்களில் இன்றும் அக்னி வளர்த்து ஹோமம் நடக்கிறது.

சரி, மதுவும் மாமிசமும்? இல்லவே இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. சைவ, சாக்தத் தந்திரத்தின் ஒரு கிளையான கௌல மரபுகளில் அவை நிஜமாகவே இருந்தன, காமமும் இருந்தது. அபிநவகுப்தரின் தந்திராலோகத்தில் 29ஆம் அத்தியாயம் முழுக்க அந்தச் சடங்கைப் பற்றியதுதான். ஆனால் அது ஒரு கிளை, தகுதியும் தீட்சையும் பார்த்துத் தரப்பட்டது. சித்தாந்தக் கோயில் பூஜையில் அதற்கு இடமே இல்லை. வஜ்ரயானத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது: 1042இல் திபெத்துக்குப் போன இந்தியப் பௌத்த ஆசிரியர் அதீசர், பிரம்மச்சரிய விரதம் எடுத்த துறவிகள் காமம் கலந்த அந்த வகை அபிஷேகங்களை (அங்கே தீட்சைக்கு அதுதான் பெயர்) பெறக்கூடாது என்று எழுதியே வைத்தார்.

அந்தச் சொற்பொழிவாளரை மறுபடி பார்த்தால், 28 ஆகமங்களில் எதைப் படித்துவிட்டு இப்படிச் சொன்னார் என்று கேளுங்கள்.