ஐ.டி. வேலையை விட்டுவிட்டு எம்.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போவது சரியா?

"எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும்போது இரண்டு வருடச் சம்பளத்தை இழக்க வேண்டுமா" என்று கேள்வியோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். இதையே என் டீம் லீடும், எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த தரகரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா மட்டும் நேராகவே கேட்டார்: "கை நிறையச் சம்பளத்தை விட்டுட்டு மறுபடியும் சிலேட்டைத் தூக்கிட்டுப் போறியாம்மா?"

உங்களுக்கு 26, 27 வயது இருக்கும், சர்வீஸ் கம்பெனியில் சப்போர்ட்டோ டெஸ்டிங்கோ பார்க்கிறீர்கள், பி.இ. முடித்தது ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

நான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் இருந்தேன். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளையன்ட். மாதக் கடைசியானால் இரவில் தானாக ஓடும் ஒரு பேட்ச் ஜாப் தொங்கிவிடும். மற்ற நாட்களில் சில நிமிடங்களில் முடியும் க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை, அன்றைக்கு மட்டும் மணிக்கணக்கில் ஓடும். அதற்கு எங்களிடம் ஒரு எக்ஸெல் ஷீட் இருந்தது: ஜாபை நிறுத்து, இரண்டு மணி வரை பொறு, ரீஸ்டார்ட் செய். செய்தால் ஓடிவிடும். ஏன் ஓடுகிறது என்று கேட்டால் டீம் லீட் சிரிப்பார், "ஓடுதுல்ல, விடு" என்பார். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள், அவர்களுக்கும் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனது.

எம்.டெக். முதல் வருடம் டேட்டாபேஸ் பாடத்தில், க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் க்வெரி ஆப்டிமைசர் நடத்தினார்கள். இரண்டு டேபிளைச் சேர்க்க நெஸ்டட் லூப்பா (ஒன்றின் ஒவ்வொரு வரிசைக்கும் மற்றதில் தேடுவது) ஹாஷ் ஜாயினா (ஒன்றை மெமரியில் அட்டவணையாக்கிவைத்துப் பொருத்துவது) என்று டேட்டாபேஸ் தானே முடிவு செய்யும், எத்தனை வரிசை வரும் என்ற மதிப்பீட்டை வைத்து. அந்த மதிப்பீடு பழைய புள்ளிவிவரத்திலிருந்து வந்தால், நூறு வரிசைதானே என்று நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பத்து லட்சம் வரிசைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வகுப்பிலேயே எனக்கு அந்த எக்ஸெல் ஷீட் ஞாபகம் வந்துவிட்டது. மாதக் கடைசியில் டேட்டா மொத்தமாக ஏறும், புள்ளிவிவரம் புதுப்பிக்கும் ஜாப் இரவு இரண்டு மணிக்குத்தான் ஓடும், அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்தால் க்வெரியை ஓட்டப் புது பிளான் கிடைக்கும். இத்தனை வருடமாக யாருக்கும் தெரியாமல் மந்திரம் மாதிரி செய்துகொண்டிருந்த வேலை இவ்வளவுதான்.

உடனே ஒருவர் கமென்ட்டில் வருவார், "இது யூடியூபிலேயே இருக்கே" என்று. இருக்கிறது, யார் இல்லை என்றது? வேலையில் இருந்தபோது அந்த வீடியோக்களை நானும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்திருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன். படிக்கப் போன இடத்தில் அதே ஹாஷ் ஜாயினை, டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு டேட்டாவைக் கொண்டுவந்து வைக்கும் பஃபர் மேனேஜரோடு சேர்த்து, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிக்கொண்டு வா என்றார்கள். மெமரியில் அடங்காத டேபிளைக் கொடுத்தால் என் புரோகிராம் செத்து விழுந்தது. டிஸ்க்கில் பிரித்து வைத்து மறுபடி படிக்க வேண்டும் என்பது ஸ்லைடில் ஒரு வரி, எழுத உட்கார்ந்தால் ஒரு வாரம். அல்காரிதம் பாடத்தில் இன்னும் மோசம், நிரூபணத்தில் "இது வெளிப்படை" என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் "எப்படி?" என்று ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் கொடுப்பார் பேராசிரியர். வீடியோ நம்மை இப்படிக் கேட்காது. தானே உட்கார்ந்து இதையெல்லாம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம், ஆனால் நான் அந்த ரகம் இல்லை.

சம்பளம் ஏறியதா என்பீர்கள். ஏறியது. இப்போது ஒரு டேட்டாபேஸ் தயாரிக்கும் டீமிலேயே இருக்கிறேன். பணத்துக்காகப் போகாதீர்கள் என்று தத்துவம் பேச மாட்டேன், நானும் பாதி அதற்காகத்தான் போனேன். ஆனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி என்று போனால் இது நடக்காது. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை ஒரு லட்சத்துக்கும் மேல் எழுதுகிறார்கள், பெரிய ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் ரேங்க் முதல் சில நூறுக்குள்ளாவது இருக்க வேண்டும். 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும், அதற்கே தனியாகப் பழகுங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத்தான் தப்பானால் மதிப்பெண் கழியும், விடையை எண்ணாக அடிக்கும் கேள்விகளுக்குக் கழியாது, அதனால் அதில் எதையும் காலியாக விடாதீர்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். பாடங்களைவிட ஒரே பிரச்சினையில் மூழ்குவதுதான் பிடிக்கும் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி எம்.எஸ். இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். நோட்டீஸ் பீரியட். கேட் ரிசல்ட் மார்ச்சில் வரும். ஐ.ஐ.டி. ஆஃபர்கள் கோப் (COAP) என்ற பொது ஆன்லைன் போர்ட்டலில் மே மாதத்துக்குப் பிறகு சுற்றுச் சுற்றாக வரும், ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு 'ரிடெய்ன் அண்ட் வெயிட்' போட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். வகுப்பு ஜூலைக் கடைசியில் தொடங்கிவிடும். நோட்டீஸோ 90 நாள். அதாவது எந்த ஊர், சீட் உண்டா இல்லையா என்றே தெரியாத ஏப்ரலில் பேப்பர் போட, அதாவது ராஜினாமா கொடுக்க, வேண்டும். நான் சீட் உறுதியான பிறகுதான் போட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். மீதி நாட்களுக்குப் பணம் கட்டு, இல்லையென்றால் ரிலீவிங் லெட்டர் கிடையாது என்றார் ஹெச்.ஆர். புராஜெக்டில் எனக்கு வேலையே இல்லை, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே மாடியில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்த ஒரு பையனை மதியம் கூப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள், அவனுக்கு எங்கே போனது இந்த 90 நாள்? எழுதும்போது இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டினேன், வேறு வழி?

உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதற்கு வாரம் எட்டு மணி நேரம் டி.ஏ. வேலை, அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவி, இளநிலைப் பையன்கள் வேரியபிள் பெயரை மட்டும் மாற்றிக் காப்பியடித்த புரோகிராம்களைத் திருத்த வேண்டும். பி.எச்டி. ஃபெலோஷிப்பை 2023இல் 31,000இலிருந்து 37,000 ஆக்கினார்கள், எங்கள் தொகை அப்படியே நின்றுவிட்டது. ஹாஸ்டல், மெஸ் போக அதில் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. வீட்டு லோன், தம்பி ஃபீஸ் என்று உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால் முழுநேரப் படிப்பு வேண்டாம், பிட்ஸ் பிலானியின் வார இறுதி எம்.டெக். மாதிரி ஏதாவது பாருங்கள். அது மட்டமா என்று சண்டைக்கு வராதீர்கள், படித்தவர்கள் சொல்லட்டும். முழுநேரம்தான் என்று முடிவு செய்தால் உங்கள் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்து, நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாமா, அதை பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) கணக்கிடுவார்களா மொத்தச் சம்பளத்திலா என்று இன்றைக்கே படித்துவிடுங்கள். டீம் லீடிடம் மட்டும் இப்போதைக்கு வாயைத் திறக்காதீர்கள்.