பக்கத்து வீட்டார் சும்மா தரும் ட்ராம்போலினை வாங்கிக்கொள்ளலாமா?

வணக்கம் தம்பி. மெல்பர்ன் வந்து நாலு மாதம், டார்னீட்டில் வாடகை வீடு, மகனுக்கு 8 வயது, மகளுக்கு 3 என்று எழுதியிருந்தீர்கள். வீடு மாறிப் போகிற பக்கத்து வீட்டார் பத்தடி ட்ராம்போலினை, அதாவது பிள்ளைகள் ஏறித் துள்ளிக் குதிக்கும் ஸ்பிரிங் வைத்த பாயை, சும்மாவே தருகிறேன் என்கிறார். பையன் நச்சரிக்கிறான், வீட்டில் அம்மாவுக்குப் பயம். "சுற்றி வலைதான் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்பது உங்கள் கேள்வி.

வந்து பதினாறு வருடம் ஆகிறது, என் பிள்ளைகள் இருவரும் அதில் குதித்துத்தான் வளர்ந்தார்கள். அந்த வலையை நம்பித்தான் நானும் ஏமாந்தேன். பிள்ளை வெளியே விழாமல் வலை தடுக்கும், அவ்வளவுதான். அடி பெரும்பாலும் உள்ளேயே படுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். தீபாவளி இங்கே வசந்த காலத்தில் வரும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருப்பார்கள் என்பதால் ஏழரை மணிக்கும் நல்ல வெளிச்சம். நாலைந்து குடும்பம் வந்திருந்தது. பெரியவர்கள் உள்ளே பிரியாணியும் பேச்சுமாக இருக்க, ஐந்து பிள்ளைகள் ட்ராம்போலினில். "சின்னவளையும் சேர்த்துக்கிட்டு விளையாடுங்கடா" என்று ஏற்றிவிட்டதே நான்தான். நம் ஊர்ப் பழக்கம் அது, யாரையும் தனியே விடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் நண்பர் மகள், நாலு வயது, கால் வலிக்கிறதென்று அழுதுகொண்டே வந்தாள். வலையில் மோதவில்லை, கீழே விழவில்லை, யாரும் அவள்மேல் விழவும் இல்லை. வீக்கம்கூட அதிகமில்லை. தைலம் தேய்த்து, பாயசம் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம். மறுநாள் காலையில் அந்தக் காலை அவள் தரையில் ஊன்றவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் மெல்லிய முறிவு. சில வாரம் மாவுக்கட்டு. நண்பர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விழாமலே எப்படி முறியும் என்று மருத்துவர்தான் விளக்கினார். கனமான பிள்ளை அமுக்கிவிட்டு மேலே எழும்போது ட்ராம்போலின் பாயும் கூடவே விசையோடு எழும்பும். அதே நொடியில் சின்னப் பிள்ளை கீழே இறங்கினால், இறங்குகிற காலும் எழும்புகிற பாயும் நேருக்கு நேர் மோதும். மெத்தென்று இருக்க வேண்டிய பாய் அந்த நொடியில் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். பெரியவன் குதித்த விசையெல்லாம் சின்னவளின் முழங்கால் எலும்பில் போய் இறங்கும். குழந்தை மருத்துவர்கள் இதை 'ட்ராம்போலின் முறிவு' என்றே சொல்கிறார்கள், அவ்வளவு சகஜம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல் வெளியிட்ட அறிக்கையில், காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது ஏற்படுபவை என்கிறது. கூடக் குதிக்கும் கனமானவரைவிடச் சிறிய பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு வரை அதிகமாம். வீட்டில் ட்ராம்போலினே வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் வாங்குவது என்று முடிவெடுத்தால், ஒரு நேரத்தில் ஒருவர்தான். இதில் தளர்வே கூடாது. பாசத்தில் அப்பா கூட ஏறிக் குதிப்பதுதான் இருப்பதிலேயே மோசம், உங்கள் எடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெரிய ட்ராம்போலினில் விடவே கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனவே மகளுக்கு இன்னும் மூன்று வருடம் கிடையாது. அழுவாள். எங்கள் வீட்டில் சின்னவனை 'நடுவர்' ஆக்கினோம். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்கா குதிப்பதைத் தமிழில் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவான், மறுபடி முதலிலிருந்து. எட்டை எப்போதும் விட்டுவிடுவான். தமிழ் எண்கள் அவனுக்கு வந்தது அப்படித்தான். ஏணியை மட்டும் விளையாட்டு முடிந்ததும் எடுத்து கராஜில் வைத்துவிடுங்கள். மூன்று வயசு எங்கே எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

குட்டிக்கரணமும் கூடாது. கழுத்தெலும்பு சம்பந்தப்பட்ட விஷயம். ட்ராம்போலின் 2000இல் சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது, அதைக் காட்டிப் பையன் வாதாடுவான். அவர்கள் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று வருடக்கணக்காகப் பழகியவர்கள். அவ்வளவு ஆசை என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். சரி என்று தலையாட்டுவதற்கு முன் கொல்லைப்புறத்தை அளந்துவிடுங்கள். பத்தடி என்றால் மூன்று மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும், ஆக ஏழு மீட்டர் அகலம். டார்னீட் பக்கம் புதுக் குடியிருப்பு வீடுகளில் அவ்வளவு கொல்லை எங்கே இருக்கிறது? வேலி, துணி காயப்போடும் கம்பி, பார்பிக்யூ, கூரை விளிம்பு எல்லாம் அதற்குள் வரக்கூடாது. கான்கிரீட்டின் மேலோ கல் பாவிய தரையிலோ வைக்கவே வேண்டாம். ஏழு மீட்டர் இல்லை என்றால் பேச்சு இதோடு முடிந்தது, பக்கத்து வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாடகை வீடு என்பதால் ஏஜெண்டுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது நல்லது, அடியில் புல் செத்துவிடும்.

இடம் இருக்கிறதென்றால் சாமானைப் பாருங்கள். சும்மா கிடைக்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இதில் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த ஊர் வெயில் வலையையும் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் மெத்தைப் பட்டையையும்தான் முதலில் தின்னும். வலையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், நூல் பொடிந்தால் அது இருந்தும் இல்லாததுதான். மெத்தை கிழிந்து ஸ்பாஞ்ச் தூளாகக் கொட்டினால் புதிது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்குக்கு இடையில் கால் போகும். கால் குழாய்களின் வெல்டிங்கில் துரு இருக்கிறதா, ஸ்பிரிங் ஒன்றுகூட விடுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக வாங்குவதென்றால் ஏஎஸ் 4989 என்ற ஆஸ்திரேலியத் தர எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பிரிங்கே இல்லாமல் வளையும் கம்பிகள் வைத்த வகையும் உண்டு, நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகப் பொறியாளர் கீத் அலெக்சாண்டர் உருவாக்கியது. விலை கூட. ஸ்பிரிங்கில் கால் மாட்டாது என்பது உண்மைதான், ஆனால் அதிலும் இரண்டு பேர் ஏறினால் கதை அதேதான்.

காற்றை லேசாக எண்ண வேண்டாம். பெருங்காற்றில் ட்ராம்போலின் வேலி தாண்டிப் பறப்பது இங்கே வேடிக்கைச் செய்தி, பக்கத்து வீட்டுக் கார் மேல் இறங்கினால் வேடிக்கை இல்லை. பன்னிங்ஸ் வன்பொருள் கடையில் தரையில் அறையும் முளையும் பட்டையும் கிடைக்கும். நம் மேற்குப் பக்கம் களிமண், கோடையில் வெடித்துவிடும்போது முளை ஆடும். அவ்வப்போது அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயமும் உண்டு. கொலுசு, ஜிமிக்கி, சங்கிலி, நீளப் பாவாடை எதுவும் மேலே போகக்கூடாது. வலைக் கண்ணில் கொலுசு மாட்டினால் பிள்ளை தலைகீழாகத்தான் விழும். வாயில் முறுக்கை மென்றுகொண்டே குதிப்பதும் கூடாது, புரையேறும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அவர்களைக் காவலுக்கு வைத்துவிட்டு நீங்கள் ஷாப்பிங் போகாதீர்கள். பேரன் கெஞ்சினால் "சரி, தங்கச்சியையும் கூட்டிக்கோ" என்று சொல்லாத தாத்தா இன்னும் பிறக்கவில்லை.

கடைசியாகப் பணம். வேலை விசாவில் வந்திருந்தால் உங்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருக்காது. விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீட்டில் அவசரச் சிகிச்சையும் ஆம்புலன்ஸும் எந்த அளவு அடங்கும் என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். மெடிகேர் உள்ள எங்களுக்கே ஆம்புலன்ஸ் செலவு அதில் அடங்காது, 'ஆம்புலன்ஸ் விக்டோரியா' என்ற மாநில ஆம்புலன்ஸ் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா தனியே கட்டுகிறோம். அதற்காக யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். தலையிலோ கழுத்திலோ அடி என்றால் பிள்ளையைத் தூக்கவே கூடாது, அப்படியே விட்டு 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள். கால் ஊன்ற மறுத்தால், வீக்கம் இல்லாவிட்டாலும், அன்றைக்கே எக்ஸ்ரே. எங்களை மாதிரி தைலத்தை நம்பி ஓர் இரவைக் கடத்தாதீர்கள்.

அளந்து பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். ஏழு மீட்டர் தேறினால் சனிக்கிழமை நானே வருகிறேன். ஸ்பிரிங் இழுக்கும் கொக்கி என்னிடம் இருக்கிறது. மாட்டும்போது ஒரே பக்கமாகப் போகாமல் எதிர் எதிராக மாட்ட வேண்டும், கயிற்றுக் கட்டில் பின்னியவருக்கு இது புரியும். நீங்கள் தடித்த கையுறை இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும், பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.