கம்பு பிடிக்குமுன் ஆளைப் பிடிக்கப் பழகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

தற்காப்புக் கலைகள் குறித்து வந்த கடிதங்களில், மல்யுத்தம் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகனுக்கு 11 வயது. சிலம்பம் கற்று வருகிறான். கராத்தே வகுப்பிலும் சேர்க்கலாம் என்றிருந்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனரோ, முதலில் மல்யுத்தம் பழகட்டும், பிறகு எந்தக் கலையும் அவனுக்கு எளிதாகப் பிடிபடும் என்கிறார். எங்கள் பக்கத்தில் மல்யுத்தத்தை நேரில் பார்த்தவர்களே குறைவு. அவர் சொல்வதில் உண்மை உண்டா?
– ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் மல்யுத்தம் உடம்பை இரும்பாக்கும் என்று பலரும் அதற்குச் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடானதன்று. உடம்பை உரமேற்றத் தண்டாலும் பஸ்கியும் கரலாக்கட்டையும் போதும். அவற்றுக்கு எதிராளியே தேவையில்லை. இணங்க மறுக்கும் இன்னொரு மனித உடலோடு, முழு வலுவையும் காட்டி, அன்றாடம் பழக முடிகிறது என்பதுதான் மல்யுத்தத்தின் தனிச்சிறப்பு. நெல்மூட்டையைத் தூக்குகிற வலு வேறு, திமிறும் கன்றைப் பிடித்து நிறுத்துகிற வலு வேறு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன் சிலம்பத்தில் இதுவரை கற்றவற்றை எண்ணிப் பாருங்கள். சுவடு, அதாவது காலடி, வைப்பதும் கம்பு வீசுவதும் தனியே செய்யும் பயிற்சிகள். அடியும் தடுப்பும் பெரும்பாலும் முன்னரே வகுத்துக்கொண்ட வரிசைப்படி நடப்பவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பை முழு வேகத்தில் எதிரில் நிற்பவன் தலையில் இறக்கித்தான் பழக வேண்டுமென்றால், ஒரு மாதத்துக்குள் வகுப்பில் வாத்தியார் மட்டுமே மிஞ்சுவார். கராத்தேயிலும் இதே இடர்ப்பாடு உண்டு. குத்தையும் உதையையும் நாள்தோறும் முழு வலுவோடு தலையில் வாங்கினால் மூளை தாங்காது என்பதால், அங்கே வேகத்தையோ வலுவையோ இலக்கையோ குறைத்துக்கொண்டே பழக வேண்டியிருக்கிறது. மல்யுத்தத்தில் அடி கிடையாது. பிடிப்பதும் இழுப்பதும் வீழ்த்துவதும் அமுக்குவதும்தான். ஆகவே மாணவன் தன் முழு முயற்சியோடு முயல, எதிராளியும் தன் முழு முயற்சியோடு மறுக்க, இருவரும் மறுநாளும் வகுப்புக்கு வர முடிகிறது. கற்ற உத்தி உண்மையில் பலிக்கிறதா என்பதை ஒருவன் ஒவ்வொரு மாலையும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, அடிக்கும் கலைகளில் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை.

ஜப்பானில் ஜிகோரோ கானோ ஜூடோவை வகுத்தபோது இந்த அடிப்படையில்தான் வகுத்தார். 1882-இல் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய அவர், ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையிலிருந்த ஆபத்தான அடிகளை முழு வேகப் பயிற்சியிலிருந்து விலக்கி, எறிதலையும் அமுக்குதலையும் மாணவர்கள் தடையின்றி மோதிப் பழகும்படி செய்தார். கொடிய உத்திகளை மெல்லப் பழகியவனைவிட, எளிய உத்திகளை முழு வலுவோடு பழகியவன் தேறியவனாக இருப்பான் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

இனி, சிறுவன் இதில் என்ன பெறுவான் என்று பார்ப்போம். முதலாவது, விழக் கற்றுக்கொள்வான். முகவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கையை ஊன்றாமல் உருண்டு விழத் தெரிந்தவனுக்கு, வரப்பில் வழுக்கினாலும் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் மணிக்கட்டு முறியும் வாய்ப்புக் குறைவு. அடுத்தது நிலை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளி தள்ளும்போதும் இழுக்கும்போதும் பாதம் பிசகாமல் நிற்கப் பழகியவன், பிறகு சிலம்பத்தில் சுவடு வைத்தால் அந்தச் சுவடு தரையில் பதியும். மூன்றாவதாக, நெருக்கம் பழகும். சண்டை என்று வந்துவிட்டால் எதிராளி கையெட்டும் தூரத்தில் அழகாக நின்றுகொண்டிருப்பதில்லை. சட்டையைப் பிடிப்பான், கழுத்தைக் கட்டுவான், மேலே விழுவான். அந்த நெருக்கத்தில் மூச்சுத் திணறாமல், பதறாமல் அடுத்ததைச் செய்ய வேண்டும். அதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதற்குப் பொதுவெளியில் நடந்த சான்றும் உண்டு. 1993-இல் அமெரிக்காவில் யு.எஃப்.சி. என்னும் போட்டி தொடங்கியபோது, வெவ்வேறு கலைக்காரர்கள் மிகக் குறைந்த விதிகளோடு மோதிக்கொண்டனர். மல்யுத்தத்திலிருந்து வந்த மார்க் கோல்மன் 1997-இல் அதன் முதல் கனஎடைப் பட்டத்தை வென்றார். ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நுர்மகமெதோவ், சிறுவயதிலிருந்து பழகிய மல்யுத்தத்தின் வலுவில், 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 2020-இல் ஓய்வுபெற்றார். வீழ்த்தத் தெரிந்தவனே சண்டை நின்றுகொண்டு நடக்க வேண்டுமா, தரையில் நடக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறான். குத்துவதில் வல்லவனான எதிராளி அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டியிருக்கிறது.

ஆனால் இதே வரலாற்றின் மறுபக்கத்தையும் உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். 1994 டிசம்பரில் டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரர், தம்மைவிட மிகவும் எடை குறைந்த ராய்ஸ் கிரேஸியைக் கால் மணி நேரம் கீழே அமுக்கி வைத்திருந்தும், கீழே கிடந்தவர் கால்களாலேயே கழுத்தைப் பூட்டி நெரிக்கத் தோற்றுப்போனார். பட்டம் வென்ற கோல்மனை அதே 1997-இல் தோற்கடித்த மாரிஸ் ஸ்மித் ஒரு கிக்பாக்ஸிங் வீரர். கீழே விழுந்தால் தாக்குப்பிடிக்கவும் எழுந்துகொள்ளவும் கற்றுவந்து, களைத்துப்போன எதிராளியை நின்றபடி அடித்து வென்றார். மல்யுத்தம் மட்டுமே பழகியவனுக்கு, முதுகு தரையில் படக்கூடாது என்ற பதற்றத்தில் குப்புறத் திரும்பிக் கழுத்தைக் கொடுத்துவிடும் பழக்கமும், தலையைத் தாழ்த்தி நின்று முழங்கால் அடிக்கு முகத்தைக் காட்டும் பழக்கமும் இருக்கும். கம்பையோ கத்தியையோ எதிர்கொள்ளவும் அது கற்றுத்தருவதில்லை. அடித்தளம் என்று அதைச் சொல்வதே, அதன் மேல் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது என்பதால்தான்.

இதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்ற வரிசையில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை. யு.எஃப்.சி. வீரரான கனடாவின் ஜார்ஜ் செயின்ட்-பியர் சிறுவயதில் கற்றது கராத்தே. மல்யுத்தத்தை வளர்ந்த பிறகே பழகி, எதிராளிகளை வீழ்த்துவதில் பெயர்பெற்ற மல்யுத்த வீரர்களையே வீழ்த்தினார். ஆகவே சிலம்பத்தை நிறுத்த வேண்டாம். கராத்தேக்கு ஒதுக்க எண்ணியிருந்த மாலைப்பொழுதை மல்யுத்தத்துக்கோ ஜூடோவுக்கோ கொடுங்கள். கராத்தே இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும்.

கேள்வி: வர்மம் அறிந்த ஆசான் ஒரு விரலால் செய்வதை, பயில்வான் பத்து நிமிடம் புரண்டு செய்கிறான். நம் தென்பாண்டிச் சீமையின் கலையை விட்டுவிட்டு, வடநாட்டுக் குஸ்தியை ஏன் தூக்கிப்பிடிக்கிறீர்கள்?
– வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கோபத்தின் முதல் பாதியை எடுத்துக்கொள்கிறேன். உடலில் உள்ள வர்ம இடங்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று மரபு கணக்குச் சொல்கிறது. அந்த இடங்களில் ஒன்றைத் தொட வேண்டுமென்றால் எதிராளி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவன் அசையாமலும் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டும் திமிறிக்கொண்டும் இருக்கும் ஒருவன் உடலில், விரல்நுனி அளவுள்ள இடம் நாம் நினைத்த நேரத்தில் நினைத்த கோணத்தில் வந்து நிற்பதில்லை. அவனைப் பிடித்து நிறுத்தும் வேலையை யார் செய்வது? நம் ஆசான்களும் இதை அறிந்தவர்களே. அடிமுறையும் பிடியும் பூட்டும் கற்றுத் தேறி, குணமும் பக்குவமும் தெரிந்த பிறகே அவர்கள் வர்மத்தைச் சொல்லிக்கொடுத்தனர். பிடியை முன்னும் வர்மத்தைப் பின்னும் வைத்தது நம் மரபே அல்லவா?

வடநாட்டுக் கலை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. புறநானூற்றின் 80-ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடுகிறார். மன்னனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் வளைகிறது. நெஞ்சில் ஒரு முழங்காலை ஏற்றி, தப்பும் வழியை மறுகாலால் அடைக்கும் இந்த நிலையை இன்றைய பயிற்சியாளர் எவரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார். மேடையில் உட்கார்ந்து கேள்விப்பட்டதைப் பாடியவர் எழுதிய வரிகளாக அவை எனக்குத் தோன்றவில்லை. மாமல்லன் என்ற பட்டத்தைத் தாங்கிய பல்லவ மன்னனின் பெயரில் மாமல்லபுரம் என்ற பழைய துறைமுக நகரமே இருக்கிற நாட்டில் நாம் இருக்கிறோம்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் ஊரில் மல்யுத்தம் சொல்லித்தர யாரும் இல்லை. காணொளி பார்த்து நண்பர்களோடு பழகலாமா?
– ஒரு மாணவர், நாங்குநேரி

பதில்: தம்பி, காணொளி பார்த்து எறிந்து பழக வேண்டாம். தலைகீழாக எறியும் உத்தியில் ஒருமுறை பிழை நேர்ந்தால் கழுத்து போகும். பிடி, தள்ளு, நிலை ஆகியவற்றை முழங்காலிட்ட நிலையில் மணலில் பழகுவதில் கேடில்லை.

ஆனால் உங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்களே, கபடி இல்லாத ஊரா நாங்குநேரிப் பக்கம்? 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன், இந்தத் தாமிரபரணிச் சீமையில்தான் பிறந்தவர். பாடி வருபவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பதும், தொடையைக் கட்டுவதும், இடுப்பைச் சுற்றிவளைத்துத் தூக்குவதும் மல்யுத்த வீரன் எதிராளியின் காலைத் தாக்கும் முறைக்கு மிக நெருங்கிய உறவு. எதிராளியின் இடுப்பைப் பார்த்தே அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணிக்கும் பழக்கம் கபடிக்காரனுக்கு இயல்பாக வந்துவிடும். வேறுபாடும் உண்டு. கபடியில் ஒருவன் பிடித்ததும் மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். 30 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மல்யுத்தத்தில் இடையில் 30 வினாடி ஓய்வோடு மூன்று மூன்று நிமிடமாக ஆறு நிமிடமும் நீங்கள் ஒருவரே. கபடியை விடாமல் ஆடுங்கள். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், அருகில் எங்கே ஜூடோ அல்லது மல்யுத்தப் பயிற்சி நடக்கிறது என்று கேளுங்கள். வாரம் ஒருநாள் போய்வந்தாலும், கபடி ஆடிய உடம்பு விரைவில் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: என் மகள் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். மல்யுத்தத்தில் சேர ஆசைப்படுகிறாள். பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா? காது சிதைந்துபோகும், பட்டினி போடுவார்கள் என்றெல்லாம் பயமுறுத்துகிறார்களே?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: அம்மா, பெண்களுக்கான மல்யுத்தம் 2004 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது, 2016-இல் சாக்ஷி மாலிக் அதில் பதக்கமும் வென்றுவிட்டார். கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்தும், மேலே விழுந்து அமுக்குபவனிடமிருந்தும் விடுவித்துக்கொள்வதை நாள்தோறும் பழகுகிற கலை என்பதால், பெண்பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள தொடக்கம் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. விடுவித்துக்கொண்டபின் நின்று சண்டையிடாமல் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

காது பற்றிய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. திரும்பத் திரும்ப உரசுவதால் காதுமடலின் குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையே இரத்தம் கட்டுகிறது. அதைச் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டி வெளியேற்றாவிட்டால் கட்டியாகி நிலைத்துவிடும். காதுக்கவசம் அணிந்தால் பெருமளவு தடுக்கலாம். படர்தாமரை அதைவிட அடிக்கடி வரும். பயிற்சி முடிந்தவுடன் குளித்துவிட வேண்டும். ஒருவர் துண்டை மற்றவர் தொடக்கூடாது. விரிப்பை அன்றாடம் துடைக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

எடைக் குறைப்பில்தான் உங்கள் பிடிவாதம் தேவைப்படும். 1997-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், போட்டிக்காக உடம்பிலுள்ள நீரை வற்றச்செய்து எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி வீரர்கள் அமெரிக்காவில் அடுத்தடுத்து இறந்தனர். 2024 ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் இறுதிப்போட்டி நாளன்று 100 கிராம் எடை கூடியதால் தகுதியிழந்ததை நாடே பார்த்தது; முந்தைய இரவு முழுவதும் எடையைக் குறைக்கப் பாடுபட்டும் பயனில்லை. வளரும் பெண்ணுக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவள் சாப்பிடும் எடை எதுவோ, அந்தப் பிரிவிலேயே ஆடட்டும். தண்ணீர் குடிக்காதே என்றோ, பங்குனி வெயிலில் பிளாஸ்டிக் உடை போட்டு ஓடு என்றோ சொல்லும் பயிற்சியாளர் எவ்வளவு பெயர்பெற்றவராக இருந்தாலும், அன்றே பிள்ளையை அழைத்துவந்துவிடுங்கள்.

கேள்வி: மண்ணில் பழகுவது நல்லதா, மெத்தை விரிப்பில் பழகுவது நல்லதா?
– பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போட்டிக்குப் போவதென்றால் விரிப்புத்தான், 9 மீட்டர் வட்டத்துக்குள், புள்ளிக் கணக்கில், வேகமாக முடியும் ஆட்டம் அது. வடக்கே எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்தும் மண்கோதா காலை உள்ளிழுக்கும். ஆகவே ஆட்டம் மெதுவாகும், பிடியின் வலுவும் பொறுமையும் கூடும். தற்காப்புக்காக மட்டும் பழகுபவருக்கு இரண்டில் எதுவானாலும் ஒன்றுதான். நம் பக்கத்தில் கபடிக்குக் கொத்திச் சலித்துப் போட்ட செம்மண் தரையே போதுமானது. கல்லும் கண்ணாடித்துண்டும் முள்ளும் கிடக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் கையால் துழாவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.