மடிக்கணினிக்கு வயர் இல்லாத மௌஸ் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பல்கலைக்கழகம் போகவிருக்கும் தங்கைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். இனி நாலாயிரம் ரூபாவுக்குள் ஒரு மௌஸ் வேண்டும், புளூடூத்தா யூ.எஸ்.பி. ரிசீவரா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பதில் எழுதிய இருவரும் "நல்ல கம்பனியாகப் பார்த்து வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஸ்காபரோவில் இருக்கும் என் பெறாமகனும் எனக்கு இதையேதான் சொன்னான். நல்ல கம்பனியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அதன் பிறகு மூன்று மாதம் நான் பட்ட பாட்டை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

நான் கணினி படித்தவள் அல்ல. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டிலிருந்தே வேலை செய்யும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று நாளுக்கு எட்டு மணி நேரம் கை மௌஸின் மேல்தான் இருக்கும். பாடப்புத்தகம் அதைச் சுட்டி என்கிறது. நானும் வேலையில் சுட்டி என்றே எழுதுவேன், ஆனால் கடையில் போய்ச் சுட்டி கேட்டால் சிரிப்பார்கள். "ஒரு மௌஸுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா" என்பவர்கள் இந்த இடத்திலேயே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

2023 இல் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 2,900 ரூபாவுக்கு வாங்கினேன். பெயரை எழுத மாட்டேன், அதன் மேல் பிழை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. நகத்தளவு ரிசீவரை மடிக்கணினியில் செருகினால் வேலை செய்யும் வகை. பகல் முழுவதும் வெண்ணெய் மாதிரி ஓடும். மாலை ஆறு மணியானால் திரையில் அம்புக்குறி கள்ளுக் குடித்தவன் மாதிரித் தள்ளாடும். நிற்கும், பாயும், மறுபடி நிற்கும். பற்றரியை மாற்றினேன். பலனில்லை.

ஒரு மாலை, யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்று. இரண்டு பரப்பு, நான்கு குழி. கிழக்கே ஒழுங்கை, வடக்கே கோயில் காணி என்று எல்லைகள் வரிசையாக வருகின்றன. "கோயில் காணி" என்பதில் ஒரு எழுத்தைத் திருத்துவதற்காக அந்தச் சொற்களைத் தெரிவு செய்தேன். அவற்றின் மேல் மறுபடி அழுத்தியபடி இருக்கும்போதே அம்புக்குறி உறைந்து நின்றது. விரலை எடுத்த கணத்தில் இரண்டு வரி கீழே பாய்ந்தது. தெரிவு செய்த சொற்களும் அதனுடன் போய் அங்கே உட்கார்ந்துகொண்டன. நான் கவனிக்கவில்லை. அச்செடுத்து, முத்திரையைக் கையில் எடுத்து, வழக்கம்போல ஒருமுறை வாய்விட்டு வாசிக்கும்போதுதான் நாக்கு இடறியது. கோயில் வடக்கிலிருந்து தெற்குக்குக் குடிபெயர்ந்திருந்தது. வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததற்கே தலைமுறை தலைமுறையாக வழக்காடும் ஊர் எங்களுடையது. அந்தத் தாளில் என் முத்திரை விழுந்திருந்தால்? அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் மடிக்கணினியையும் சுமந்துகொண்டு 101 பஸ்ஸில். கடைப் பையன் நல்ல பிள்ளை. முதல் முறை பற்றரி பார்த்தான், இரண்டாம் முறை புதிய மௌஸே மாற்றிக் கொடுத்தான். மூன்றாம் முறை, அவனுடைய மேசையில் அது அழகாக ஓடிக்கொண்டிருக்க, "அன்ரி, நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்று என் முகத்தைப் பார்த்தான். வைத்தியரின் முன்னால் போய் உட்கார்ந்ததும் நோவு மறைந்துபோகிறவர்களைப் பார்க்கும் பார்வை அது.

அவன் முதலாளியைக் கூப்பிடப் போன பத்து நிமிடமும் நான் சுவரில் இருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் "விற்ற பொருட்கள் மீலப் பெறப்பட மாட்டாது". "மீள" என்று எழுத ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டால் போதாதா? பொருட்கள் என்று பன்மையில் தொடங்கி ஒருமையில் முடித்ததை விடுங்கள், அதற்குக் கோபப்பட்டால் கொழும்பில் தெருவில் நடக்க முடியாது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. பெயர்ப்பலகை எழுதுகிறவர் இன்னும் லகரத்துக்கும் ளகரத்துக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார். என்னிடம் வருகிறவர்களோ "ஒரு பக்கம்தானே அக்கா, குறைத்துப் போடுங்கள்" என்று பேரம் பேசுகிறார்கள். மலிவாகச் செய்தால் என்ன வரும் என்பதற்கு அந்தச் சுவர் போதும். சரி, நீங்கள் கேட்டது இதுவல்ல.

மாலையில் மட்டும் வருகிறது என்பதால் எனக்கு ஒரு முடிவு தோன்றியது. இந்த ரிசீவர் மௌஸ், புளூடூத், பழைய வகை வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைச் சுற்றித்தான் இயங்குகின்றன. மாலையில் தொடர்மாடியே வீடு திரும்புகிறது. ஆகவே மேல்மாடிக்காரரின் வைஃபைதான் குற்றவாளி. போய்க் கேட்டேன். அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிறேன் அம்மா என்றார். நிறுத்தினார். மௌஸ் தள்ளாடியது. அவர் நிறுத்தியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உண்மை தெரிந்தது ஒரு சனிக்கிழமை. எல்லாக் கோப்புகளையும் மாலை ஆறு மணிக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவைப்பது என் வழக்கம். அன்று அதை அக்காவின் மகள் கல்யாணப் படங்கள் பதிவதற்கு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஆறு மணி ஆனது, ஏழு ஆனது, மௌஸ் பளிங்கில் உருளும் கோலிக்குண்டு மாதிரி ஓடியது. ஞாயிறு டிஸ்க் திரும்பி வந்தது. செருகினேன், தள்ளாடியது. கழற்றினேன், தள்ளாட்டம் நின்றது. மின்குமிழ் ஆளியைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தை மாதிரி ஏழெட்டு முறை செய்து பார்த்தேன். மடிக்கணினியின் இடது பக்கத்தில் இரண்டு போர்ட், ஒன்றில் ரிசீவர், ஒரு அங்குலம் தள்ளி மற்றதில் டிஸ்க். கடைக்கு நான் ஒரு நாளும் டிஸ்க்கைக் கொண்டுபோனதில்லை.

யூ.எஸ்.பி. 3 என்ற வேகமான இணைப்பில் தரவு ஓடும்போது, அதன் போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். இன்டெல் நிறுவனமே 2012 இல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் செருகிய சின்ன ரிசீவருக்கு, திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழே நின்று ஒருவர் காதோடு கதைப்பதைக் கேட்கும் நிலைமைதான். மருந்து என்ன தெரியுமா? ஒன்றரை அடி யூ.எஸ்.பி. நீட்டு வயர். புறக்கோட்டையில் 350 ரூபா. ரிசீவரை அதன் நுனியில் செருகி மௌஸுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன், டிஸ்க் அதன் இடத்திலேயே இருந்தது. அன்றோடு சரி. வயர் இல்லாத மௌஸுக்கு வயர் வாங்கியதாகப் பெறாமகன் இன்றும் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், முதலில் மௌஸைப் பார்க்க வேண்டாம், தங்கையின் மடிக்கணினியின் விளிம்பைப் பாருங்கள் என்பதுதான். இரு பக்கமும் போர்ட் இருந்தால் ரிசீவர் வகை போதும், செருகியதும் வேலை செய்யும், வேறு கணினியிலும் உடனே பாவிக்கலாம். டைப்-சி மட்டும் உள்ள மெல்லிய இயந்திரம் என்றால், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாங்கி அதில் ரிசீவரையும் பென் டிரைவையும் நெருக்கிச் செருகி என் கதையை மறுபடி நடத்த வேண்டாம். புளூடூத் எடுங்கள். அதுவும் அதே அலைவரிசைதான், ஆனால் அதன் அன்டெனா கணினிக்குள்ளே இருக்கிறது, இடைஞ்சல் வந்தால் வேறு அலைக்குத் தாவிக்கொள்ளும். தூங்கி எழும்பும்போது ஓரிரு விநாடி தாமதிக்கும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்த மௌஸ் உங்கள் விலைக்குள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ரிசீவர் தொலைந்தால் மலிவான மௌஸ் பெரும்பாலும் குப்பைதான், வேறு ரிசீவரை ஏற்காது. லொஜிடெக்கில் ஆரஞ்சு நட்சத்திரக் குறியுள்ள யுனிஃபையிங் ரிசீவர் ஒன்றில் ஆறு கருவிகள் வரை இணைக்கலாம், தொலைந்தால் வேறொன்று வாங்கி இணைக்கவும் முடியும். அந்தக் குறி எல்லா மாதிரியிலும் இருக்காது, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது ரிசீவரைக் கழற்றி மௌஸின் வயிற்றுக்குள் வைக்கும்படி தங்கையிடம் சொல்லுங்கள். அதற்கென்றே பற்றரிக்குப் பக்கத்தில் அநேகமாக ஒரு பொந்து இருக்கும்.

விமர்சனங்களில் யாரும் எழுதாத ஒன்று கொழும்பின் காற்று. பக்கங்களில் மெத்தென்று றப்பர் பூசிய மௌஸ் கடையில் கைக்குச் சுகமாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் அந்தப் பூச்சு ஈரப்பதனில் சிதைந்து பிசுபிசுக்கும். என் பழைய மௌஸ் ஒன்றை ஒரு மாதம் லாச்சியில் பத்திரிகைத் தாளின் மேல் போட்டிருந்தேன். எடுத்தபோது தாளும் கூடவே வந்தது, பிய்த்துப் பார்த்தால் மரண அறிவித்தல் ஒன்றின் அரைவரி பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பூச்சு கழன்று கறுப்பாக வரும், உள்ளே வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். அந்த வெறும் பிளாஸ்டிக்கையே முதலில் வாங்குவது நல்லது. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் வியாதியும் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன ஆளி தேய்ந்தால் வருவது, எந்தப் பெயருக்கும் வரும்.

கண்ணாடி மேசையில் மௌஸ் ஓடாது. அது தன் கீழே இருக்கும் பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து ஒப்பிட்டுத்தான் அசைவை அறிகிறது, கண்ணாடியில் பிடிக்க ஒன்றுமில்லை. கண்ணாடியிலும் ஓடும் விலைகூடிய வகைகள் இருக்கின்றன. நான் செட்டியார் தெரு நகைக்கடை கொடுத்த கலண்டர் மட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், ஐந்து வருடமாகிறது.

பற்றரி விடயத்தில் என் வாக்கு ஒற்றை ஏஏ போடும் வகைக்கு. நல்ல ஒன்றில் பல மாதம் ஓடும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். உள்ளே சார்ஜ் ஏற்றும் வகை பழையதானால் பற்றரியுடன் மௌஸும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது என் வீட்டில் கடைசிவரை உயிரோடு இருந்தது மௌஸ்தான். மடிக்கணினி செத்த பிறகு அது இருந்து என்ன பயன் என்பது வேறு கதை.

டி.பி.ஐ. என்று பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பார்கள், மௌஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு அது. படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் 1,000 தாராளம். விளையாட்டுக்காரர்கள் என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம், தங்கை விளையாடுவதாக இவர் எழுதவில்லை. விடுதி அறையில் இரவில் படிப்பாள் என்றால் சத்தமில்லாமல் அழுத்தும் வகை இருக்கிறது, அறைத்தோழி வாழ்த்துவாள். இடது கைக்காரியா என்றும் கேளுங்கள், வளைத்துச் செய்த மௌஸ்கள் அநேகமாக வலது கைக்கு மட்டும்தான்.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் மேலும் கீழும் ஏறி நாலு கடையில் விலை கேளுங்கள். சொல்வது வரியுடன் சேர்த்தா என்றும் கேளுங்கள், 2024 இல் பெறுமதி சேர் வரி 18 வீதமானதிலிருந்து பில்லில் வந்து திடுக்கிட வைக்கும். மடிக்கணினியுடன், தங்கை வழக்கமாகச் செருகும் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே செருகிப் பாருங்கள். பில்லைக் கையில் வாங்கியதும் படம் எடுத்துவையுங்கள். இந்தச் சூட்டில் அந்தத் தாள் ஆறு மாதத்தில் வெளுத்து, உத்தரவாதம் கேட்கப் போகும்போது வெள்ளைக் கடதாசியைத்தான் நீட்டுவீர்கள். நான் எந்தக் கடைக்கும் தரகு வேலை பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், போன முறை ஒரு பிரிண்டரைப் பற்றி எழுதியபோது அப்படியும் ஒருவர் கேட்டார்.

தங்கையின் மடிக்கணினியில் எத்தனை போர்ட், எந்தப் பக்கம், டைப்-சி மட்டும்தானா என்று பார்த்து எழுதுங்கள், இன்னும் திட்டமாகச் சொல்கிறேன். மேல்மாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.