வளர்ச்சி ஹார்மோன் ‘0.2’ என்று ரிப்போர்ட் வந்தால் மூளையில் கோளாறா?

கேட்டவரின் ஏழு வயது மகன் வகுப்பிலேயே குட்டை. காலை பத்து மணிக்கு எடுத்த ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் 0.2 நானோகிராம்தான். ‘மூளையின் பெப்டைடுகள்தான் இதைச் சுரக்க வைக்கின்றன என்கிறார்களே, அங்கே ஏதும் பழுதா?’ என்கிறார். (பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி.)

அந்த 0.2-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் அந்த எண் ஏன் உதவாது என்று சொல்ல முடியும்.

இந்த ஹார்மோன் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விட்டு விட்டுத்தான் வரும். தூங்கிய கொஞ்ச நேரத்தில், ஆழ்ந்த உறக்கம் பிடிக்கும்போது, பெரிய அலை ஒன்று எழும். பகலில் பல மணி நேரம், நன்றாக வளரும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம், பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் இரண்டு பெப்டைடுகள். 44 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஎச்ஆர்எச் சுரக்கச் சொல்கிறது, ஹார்மோனைப் புதிதாகத் தயாரிக்கவும் வைக்கிறது. 14 அமினோ அமிலங்கள் கொண்ட சோமட்டோஸ்டாட்டின் வெளியே விடாமல் தடுக்கிறது. தடுப்பது தளர்ந்து, தூண்டுவது ஓங்கும் நேரத்தில் அலை எழுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரோஜர் கில்லெமின் குழுவினர் ஆட்டு மூளைச் சாற்றில் தூண்டும் பெப்டைடைத்தான் தேடினார்கள். 1973-இல் கையில் கிடைத்ததோ தடுக்கும் சோமட்டோஸ்டாட்டின்! தூண்டும் பெப்டைடு 1982-இல்தான் பிடிபட்டது, அதுவும் மூளையிலிருந்து அல்ல. கை, கால், தாடை பெருத்துப்போகும் அக்ரோமெகலி நோயாளிகள் சிலருக்குக் கணையத்தில் கட்டி இருந்தது. அந்தக் கட்டி ஜிஎச்ஆர்எச்சை ஏராளமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. சால்க்கின் இரண்டு குழுக்கள் அப்படிப்பட்ட கட்டிகளிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தன. 1999-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்த கிரெலினும் இந்த ஹார்மோனைத் தூண்டுவதுதான். அது பெரும்பாலும் இரைப்பையில் உருவாகிறது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் முதலில் ஐஜிஎஃப்-1 பார்ப்பார். வளர்ச்சி ஹார்மோனால் கல்லீரல் தயாரிக்கும் பொருள் அது. நாள் முழுக்க அவ்வளவாக ஏறி இறங்காது. சந்தேகம் இருந்தால் தூண்டல் டெஸ்ட். வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுப்பார்கள். அந்த மாத்திரை ஜிஎச்ஆர்எச்சைக் கிளப்பிவிடும். பிள்ளைக்குத் தூக்கமாக வரும், ரத்த அழுத்தமும் இறங்கும், அதனால் படுக்க வைத்தே செய்வார்கள். ஒரு டெஸ்டில் வளர்ச்சி ஹார்மோன் ஏறவில்லை என்றால் வேறு மருந்தோடு இன்னொரு டெஸ்ட் செய்த பிறகே குறைபாடு என்பார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிறானா என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.