தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளருமா? மூன்றடித் தொட்டியில் ஆஸ்கார் வளர்க்கலாமா?

கேள்வி: என்னிடம் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி காலியாக இருக்கிறது. இரண்டு ஆஸ்கார் மீன்களும் ஒரு ரெட் டெயில் கேட்ஃபிஷும் (சிவப்பு வால் கெளுத்தி) விட ஆசை. "தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும், கவலைப்படாதீர்கள்" என்கிறார் விற்பவர். உண்மையா?

வேண்டாம். ரெட் டெயிலை மறந்தே விடுங்கள். ஆஸ்காருக்கும் இந்தத் தொட்டி பத்தாது. இதே அளவுத் தொட்டியில், இதே வாக்கியத்தை நம்பி, இதே ஆஸ்காரோடு ஆரம்பித்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வாங்கும்போது என் இரண்டு மீன்களும் கட்டைவிரல் நீளம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது தொட்டி வெறிச்சோடித் தெரிந்தது. கூட நாலு மீன் வாங்கியிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். அவை மாதத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வளர்ந்தன. ஏழாவது மாதம் இரண்டும் ஒரு சாணுக்குக் குறையாமல் இருந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாலை நாலு முறை ஆட்டினால் போதும், கண்ணாடி வந்துவிடும். அங்கே உடம்பை மடக்கி, வாலைக் கண்ணாடியில் உரசித்தான் திரும்ப முடிந்தது. பத்தாவது மாதம் ஒன்றின் தலையில், ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. தண்ணீர் பளிங்குபோலத் தெளிவாக இருந்ததால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாற்றி மாற்றி மருந்து ஊற்றினேன். கடைசியில் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தால், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 80 பிபிஎம்மை (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) தாண்டி நிற்கிறது. தலைக்குழி நோய்க்குப் பல காரணங்கள் சொல்வார்கள். யார் சொன்னாலும் அதில் கெட்ட தண்ணீரும் சத்தில்லாத தீனியும் இருக்கும். நான் இரண்டையும் தவறாமல் கொடுத்திருந்தேன். அந்த மீன் பிழைக்கவில்லை.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இத்தனை காலம் ஓடுகிறது. சின்னத் தொட்டியில் மீனின் வளர்ச்சி மட்டுப்படத்தான் செய்யும். ஆனால் மீன் சுவரை அளந்து பார்த்துவிட்டு "இது போதும்" என்று நிறுத்திக்கொள்வதில்லை. கழிவு சேர்கிறது, நீந்த இடமில்லாமல் தசை பிடிப்பதில்லை, தின்பது உடம்பில் ஒட்டுவதில்லை. முதுகு வளைந்து, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்களோடு சில வருடம் இருந்துவிட்டு, பாதி ஆயுளில் போய்விடும். அப்படிப்பட்ட மீனைக் காட்டி "தொட்டிக்குத் தகுந்தபடி வளர்ந்திருக்கிறது" என்பது, பட்டினியில் குன்றிய பிள்ளையைப் பார்த்து "அளவாக வளர்ந்திருக்கிறான்" என்பது மாதிரி. விற்பவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அவர் கையில் ஒரு மீன் தங்குவதே சில வாரங்கள்தான். முழுதாக வளர்ந்த ரெட் டெயிலை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

அந்த மீனைப் பற்றி இரண்டு வரி. அமேசான், ஒரினோகோ ஆறுகளின் மீன் அது. சுண்டுவிரல் நீளத்தில் மீசையோடு அழகாக விற்கப்படும். வளர்ந்தால் நாலடியைத் தாண்டும், எடையில் ஒரு பெரிய மனிதனைக்கூட எட்டிப் பிடிக்கும். வாயில் நுழைகிற எதையும் விழுங்கும், கூட இருக்கும் மீன் உட்பட. வீட்டுக்குள் அதற்குத் தொட்டி கிடையாது. நீச்சல் குளம் அளவுக்கு ஒன்று கட்ட முடிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.

இதே வரிசையில் இன்னும் சில மீன்கள் உண்டு. "ஷார்க்" என்று ஆசை காட்டி விற்கப்படும் வெள்ளி நிற மீன் உண்மையில் மீகாங் ஆற்றுக் கெளுத்தி வகை. உணவுக்காகக் குளங்களில் டன் டன்னாக வளர்க்கப்படும் அதே மீன்தான். மீட்டருக்கு மேல் வளரும், கூட்டமாக நீண்ட தூரம் போகிற இனம், பயந்த சுபாவம். யாராவது விளக்கைப் போட்டால் மிரண்டு ஓடிக் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும். "பாசியைத் தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும்" என்று தலையில் கட்டப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை போகும். அது சுத்தம் செய்வதைவிடக் கழிப்பது அதிகம். சில்வர் அரோவானா மூன்றடி. பெரிய மீன் என்றதும் யாருக்கும் நினைவுக்கு வராத சாதாரண தங்கமீன்கூட ஓர் அடி வளர்ந்து இருபது வருடம் இருக்கக்கூடியது. அதைத்தான் கிண்ணத்தில் போட்டு மேசையில் வைக்கிறோம்.

தொட்டி வாங்கப் போகும்போது எல்லாரும் நீளத்தைக் கேட்கிறார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் லிட்டரைக் கேட்கிறார்கள். நான் முதலில் அகலத்தைக் கேட்பேன். மீன் நேராக நீந்திக்கொண்டே இருக்க முடியாது, திரும்பியாக வேண்டும். வளர்ந்த ஆஸ்கார் 30 சென்டிமீட்டர். உங்கள் தொட்டியின் அகலமும் 30 சென்டிமீட்டர். அதாவது மூக்கு ஒரு கண்ணாடியைத் தொட்டால் வால் மறு கண்ணாடியைத் தொடும். என்னுடைய கணக்கு இதுதான்: அகலம், வளர்ந்த மீனின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், நீளம் நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. உயரம் கடைசி. உயரமான தொட்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் இந்த மீன்கள் மாடிப்படி ஏறுவதில்லை. மேலும் கண்ணாடியின் மேல் விழும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் கூடக் கூடத் தடித்த கண்ணாடி வேண்டும், செலவும் ஏறும். இந்தக் கணக்கில் ஓர் ஆஸ்காருக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், சுமார் 240 லிட்டர் என்பது கடைசி எல்லை. 4 அடி, 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் நிம்மதி. உங்களுடையது 105 லிட்டர்தான்.

அடுத்தது பலருக்கும் பிடிபடாத ஒன்று. 5 சென்டிமீட்டர் மீன் 30 சென்டிமீட்டர் ஆகும்போது நீளம் ஆறு மடங்குதான். ஆனால் அகலமும் பருமனும் கூடவே ஆறு மடங்காகின்றன. ஆறு, ஆறு, ஆறு என்று பெருக்கிப் பாருங்கள்: எடை ஏறக்குறைய 216 மடங்கு. தீனியும் கழிவும் அப்படியே 216 மடங்கு ஏறாது என்றாலும், ஏறுவது ஆறு மடங்கு அல்ல. "ஓர் அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்" என்கிற பழைய சூத்திரம் பெரிய மீனிடம் தோற்பது இங்கேதான். பத்து சின்ன டெட்ரா மீன்களும் ஓர் ஆஸ்காரும் அங்குலக் கணக்கில் சமமாக வரலாம், ஃபில்டருக்கு அப்படி இல்லை.

ஃபில்டர் செய்வது என்ன? மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவே போதும் மீனைக் கொல்ல. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அது எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். நான் ஏமாந்தது இதில்தான். இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே தொட்டி வாங்கிய அன்றே மீன் விடாதீர்கள். பெரிய மீனுக்கு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஐந்தாறு முறையாவது சுழற்றுகிற கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்), தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப்போ (ஃபில்டராக வேலை செய்யும் இன்னொரு தொட்டி) வேண்டும். உள்ளே தொங்கவிடும் சின்ன ஃபில்டரெல்லாம் ஆஸ்காருக்கு விளையாட்டுப் பொருள்.

எவ்வளவு நல்ல ஃபில்டர் இருந்தாலும் நைட்ரேட்டை வெளியேற்றத் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத வேலை இது. இப்போது என்னிடம் 6 அடி, 2 அடி, 2 அடி தொட்டி இருக்கிறது. வாரம் ஒரு முறை ஏறக்குறைய 200 லிட்டர் வெளியே, 200 லிட்டர் உள்ளே. முதல் மூன்று மாதம் வாளியில் சுமந்தேன், இடுப்பு கழன்றது. பிறகு குழாய் வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கும் மருந்து கலக்க வேண்டும், வெப்பமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது இதைச் செய்ய ஒருவர் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, தீனியைவிடத் தண்ணீர்தான் இங்கே யானை. நைட்ரேட் 20 பிபிஎம் பக்கத்தில் நின்றால் நான் சும்மா இருப்பேன், 40ஐ நெருங்கினால் அந்த வாரம் இரண்டு முறை மாற்றுவேன்.

எடையையும் மறந்துவிடாதீர்கள். என் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 600 கிலோவுக்கு மேல். கண்ணாடி, ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதாக இருந்தால் விவரம் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. ஆஸ்கார் தொட்டிக்குள் இருப்பதையெல்லாம் இடம் மாற்றும். என் முதல் ஹீட்டரை மோதியே உடைத்தது, இப்போது கூண்டு போட்ட ஹீட்டர்தான். மூடி கட்டாயம், அதன்மேல் பாரமும் கட்டாயம். அரோவானா இன்னும் மோசம், காட்டில் அது தண்ணீரிலிருந்து எகிறிக் கிளையில் இருக்கும் பூச்சியைப் பிடிக்கிற மீன். மின்சாரம் போனால் பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் கோடையில் இன்னும் சீக்கிரம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தீனியைப் பொறுத்தவரை, உயிர்மீன் போடும் வேடிக்கையை விட்டுவிடுங்கள். தீனிக்கென்று நெருக்கியடித்து வளர்க்கப்படும் குட்டித் தங்கமீன்கள் நோயைக் கூட்டி வரும். தங்கமீனில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதியும் இருக்கிறது, அதையே தின்னும் மீனுக்கு அந்தச் சத்துக் குறையும். நல்ல பெல்லெட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி), அவ்வப்போது இறால், மண்புழு போதும். வளர்ந்த மீனுக்கு தினமும் வயிறு முட்டப் போட வேண்டியதில்லை. அது பார்க்கிற பார்வையில் நீங்கள் இளகிவிடுவீர்கள், அது வேறு விஷயம்.

"இப்போது சின்னத் தொட்டி, பிறகு பெரியது வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைக்கிறீர்களா? ஆஸ்கார் விஷயத்தில் அந்தப் "பிறகு" ஆறே மாதத்தில் வந்துவிடும். பெரிய தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனைப் பிறகு பார்க்கலாம். முடியாமல் போனால் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பதும் நடக்காது. பொது மீன் காட்சியகங்களில் இப்படி வந்து சேர்ந்த பெரிய மீன்கள் ஏற்கெனவே நிறைய, பலவும் வாங்க மறுத்துவிடும். ஆற்றிலோ குளத்திலோ விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தென் அமெரிக்காவின் சக்கர் மீன் இன்று பல நாட்டு ஆறுகளில் பெருகிக் கிடப்பது, வீட்டுத் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியே போனதால்தான். கரையில் வளை தோண்டுகிறது, முள் உடம்போடு சிக்கி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. திரும்பப் பிடித்து ஒழிக்க யாராலும் முடியவில்லை.

உங்கள் மூன்றடித் தொட்டி வீண் என்று சொல்லவில்லை. ஆஸ்கார் பிடிப்பதற்குக் காரணம் அதன் சுபாவம் என்றால், ஒரு ஜோடி கிரிபென்சிஸ் விட்டுப் பாருங்கள். ஆஸ்காரின் தூரத்துச் சொந்தம், பத்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். கவிழ்த்து வைத்த ஒரு சின்ன மண்சட்டிக்குள் முட்டையிட்டு, தாயும் தகப்பனும் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு போவது பார்க்கப் பார்க்கச் சலிக்காது. இல்லை, ஆஸ்கார்தான் வேண்டும் என்றால் நான் சொன்ன நாலடித் தொட்டியில் ஒன்றே ஒன்று.

பிழைத்த என் ஆஸ்காருக்கு இப்போது ஒன்பது வயது. தொட்டியைக் கழுவிய அன்று கோபித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும், சாயங்காலம் தீனி டப்பா சத்தம் கேட்டால்தான் எழும். இன்னும் சில வருடம் இருக்கலாம். அது போன பிறகு இந்த ஆறடித் தொட்டியில் எதை விடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன்: விரல் நீளத்தைத் தாண்டாத டெட்ராக்கள், ஒரு நூறு.