சைக்கிள் கேரியருக்கும் இழுவை வண்டிக்கும் சின்ன இரும்புக் குழாய்களை எப்படி இணைப்பது?

18 கேஜ் ஃபர்னிச்சர் பைப்பில் சைக்கிளுக்குக் கேரியரும், காய்கறி மூட்டை ஏற்ற இரண்டு சக்கர இழுவை வண்டியும் செய்ய வேண்டும். கிரில் பட்டறையில் கொடுத்தால் குழாயில் ஓட்டை விழுகிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பித்தளை ராடு வைத்து கேஸில் பற்றவைக்கச் சொல்லுங்கள். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் மூட்டைகளுக்காக இந்த மாதிரி வண்டிகளைச் செய்து கொடுத்து வருகிறேன். கிரில் பட்டறையில் கரண்டில் வைக்கும் ஆர்க் வெல்டிங்கை விடப் பித்தளை மூட்டுகளையே நம்புகிறேன்.

ஓட்டை விழுவதற்குப் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் நாள் முழுக்கக் கெட்டிப் பட்டையும் சதுரக் கம்பியும் வெல்டு வைப்பவர். மெஷினில் 3.15 மில்லி ராடு இருக்கும், கரண்டும் அதற்கேற்ப ஏற்றி வைத்திருப்பார். 18 கேஜ் குழாயின் சுவர் கனம் வெறும் 1.2 மில்லி. இரும்பு உருகச் சுமார் 1500 டிகிரி வேண்டும். ஆர்க்கில் இரும்பையே உருக்கித்தான் இணைக்கிறோம், அவ்வளவு மெல்லிய சுவரில் உருகுவதற்கும் ஓட்டை விழுவதற்கும் நடுவில் இடமே இல்லை. பித்தளை ராடு 900 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். குழாய் சிவக்கும், உருகாது. உங்கள் பழைய கறுப்பு சைக்கிளையே பாருங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரியும். அது பித்தளை. அந்த மூட்டு எத்தனை அரிசி மூட்டையைத் தாங்கியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்குக் கிரில் பட்டறை வேண்டாம், கார், லாரி பாடி வேலை செய்யும் டிங்கர் பட்டறைக்குப் போங்கள். அங்கே ஆக்சிஜன், அசிட்டிலீன் சிலிண்டரும் பித்தளை ராடும் இருக்கும். ராணிப்பேட்டை பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொரு வசதி: பெல் (BHEL) தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஆர்கான் வாயுவின் காப்பில் வைக்கும் ஆர்கான் வெல்டிங் கிடைக்கும். கை பழகியவர் செய்தால் மெல்லிய குழாய்க்கு அதுவும் மிக நல்லது. ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் தாமிரக் குழாய்க்கு வைத்திருக்கும் ராடில் பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்திருக்கும். இரும்பில் அது பிடித்த மாதிரிதான் தெரியும், ஆனால் மூட்டு நொறுங்கும் தன்மையோடு இருக்கும், அதிர்வில் விட்டுவிடும்.

யார் பற்றவைத்தாலும் மூட்டின் தரம் பாதிக்கு மேல் தீ வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வயிற்றில் போய் உட்கார வேண்டும். நேராக அறுத்து அப்படியே முட்டுக் கொடுத்தால் இரண்டு புள்ளியில்தான் தொடும், மீதி இடைவெளியை யாரோ உலோகத்தால் நிரப்ப வேண்டியிருக்கும். ஓட்டை விழுவதும் அங்கேதான். அதனால் முனையில் ஆக்சா பிளேடால் இரண்டு பக்கமும் சாய்வாக அறுத்து, அரை வட்ட அரத்தால் ராவி, மீன் வாய் மாதிரி ஒரு பள்ளம் எடுங்கள். கடைசியில், உட்காரப் போகிற குழாயின் அதே அளவுள்ள துண்டில் உப்புத்தாளைச் சுற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்துத் தேயுங்கள். வளைவு கச்சிதமாக வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தாலும் இன்னும் ராவ வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மூட்டுக்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பித்தளை, குறுகிய இடுக்கில் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தானாக ஏறும். அகலமான இடுக்கில் ஏறாது, மேலே கட்டியாக நிற்கும்.

மூட்டைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குப் பெயிண்ட், துரு, எண்ணெய் எதுவும் இல்லாமல் வெள்ளையாகத் தேய்த்துவிடுங்கள். பித்தளை இரும்பில் ஓடிப் பிடிக்க வெண்காரம் (போராக்ஸ்) வேண்டும், நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொள்ளலாம். சூட்டில் முதலில் பொங்கும், அப்புறம் தெளிந்த கண்ணாடியாகப் படியும். இரண்டு குழாயும் சேர்ந்து நன்றாகச் சிவந்த பிறகு ராடைக் குழாயில் தொட வேண்டும். ராடைத் தீயில் காட்டிச் சொட்ட விட்டால் மேலே உட்காருமே தவிர உள்ளே போகாது. வெள்ளைப் புகை கிளம்பினால் சூடு அதிகம், பித்தளையில் உள்ள துத்தநாகம் எரிகிறது என்று அர்த்தம்.

ஒன்றை மறக்கவே கூடாது. இரண்டு முனையும் அடைபட்ட குழாயைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, உருகிய பித்தளையைத் துப்பிவிடும். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கவும் செய்யும். ஒவ்வொரு குழாயிலும் அடிப்பக்கமாக 3 மில்லி துளை ஒன்று போட்டுவிடுங்கள். பிறகு மழைத் தண்ணீர் வடியவும் அது உதவும்.

சிவந்த மூட்டில் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், தானாக ஆறட்டும். ஆறிய பின் கொதிநீரில் ஊறவைத்து, கம்பி பிரஷால் வெண்காரக் கண்ணாடி முழுவதையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்து, பெயிண்ட் உரிந்து துரு பிடிக்கும்.

குழாய் விஷயத்தில், பழைய இரும்புக் கடையில் வாங்குவது தப்பில்லை. ஆனால் ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதை நம்பி இறங்காதீர்கள். பூச்சை முழுதாகத் தேய்த்து எடுக்க முடிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். பளபளக்கும் குரோம் நாற்காலிக் குழாயும் வேண்டாம். குரோம் மேல் பித்தளை சரியாகப் பிடிக்காது, புகையும் விஷம்.

குழாய்க்குப் பதில் 8 மில்லி கம்பியே போதாதா என்று சிலர் கேட்பார்கள். கம்பிக்கடைக் கணக்குப்படி விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மில்லி கம்பி சுமார் 395 கிராம். 1.2 மில்லி சுவருள்ள 12 மில்லி குழாய் சுமார் 320 கிராம்தான். எடை குறைவு, ஆனால் விறைப்பு மூன்று மடங்கு, வலு இரண்டு மடங்கு. கொஞ்சம் பாடுபட்டாவது குழாயில் செய்யலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி கேரியர் எங்கே உடைகிறது என்று பார்ப்போம். மூட்டை கனத்தால் உடைவது அபூர்வம். பின்னால் கட்டிய தண்ணீர்க் குடங்கள் பெடல் மிதிக்கும்போது இடமும் வலமும் ஆடுகின்றன அல்லவா, அந்த ஆட்டம்தான் குழாய் மூட்டுகளை ஓயாமல் வளைத்து வளைத்து விரிசல் விட வைக்கிறது. விரிசல் பெரும்பாலும் மூட்டின் நடுவில் வராது, பற்று முடிந்து வெறும் குழாய் தொடங்கும் ஓரத்தில் வரும். அதனால் பித்தளையைச் சட்டென்று நிறுத்தாமல், மூலையில் குழிவாக வழித்து இழுத்துவிடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், பின்பக்கத்தில் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு குழாய் கொடுப்பது. நான்கு மூலைச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. அந்த ஒரு குறுக்குக் குழாய் இல்லாத கேரியரை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. சைக்கிள் பிரேமோடு கேரியரைப் பற்றவைக்காதீர்கள். பிரேமின் பழைய பித்தளையும் இளகிவிடும். கிளாம்பும் 6 மில்லி போல்ட்டும் போதும். போல்ட் போடும் முனையை நசுக்கும்போது சிவக்கச் சூடாக்கி நசுக்குங்கள், நசுங்கிய இடமும் உருண்டையும் சேரும் இடத்தில் கூரான மடிப்பு விழக் கூடாது.

இழுவை வண்டியில் சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் பிடியுங்கள். சைக்கிள் அச்சு அப்படித் தாங்கத்தான் செய்யப்பட்டது, ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வளைந்துவிடும். உடைந்த சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை வாங்கிப் பயன்படுத்துவது நல்ல யோசனை. சைக்கிளோடு வண்டி சேரும் இணைப்பை மட்டும் பற்றவைப்பை நம்பி விடாதீர்கள். அங்கே போல்ட்டும், அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் போட்டு, கூடவே ஒரு நைலான் கயிற்றைப் பிரேமில் சுற்றிக் கட்டுங்கள். காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே வண்டி கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்க்கைத் தவிர வேறு கிடைக்காது என்றால், 2 மில்லி கனத்தில் 6013 வகை வெல்டிங் ராடு, 40 முதல் 50 ஆம்பியர், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினாக இருந்தால் ராடு மைனஸில். இழுத்து வைக்காமல் புள்ளி புள்ளியாக வைத்து, சிவப்பு மங்கியபின் அடுத்த புள்ளி. அரால்டைட் போட்டு ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 60 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும் பசை அது. நம் மே மாத வெயிலில் கறுப்புக் குழாயைக் கையால் தொடவே முடியாது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு சோதனை மூட்டு செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியால் அடித்து மடக்கிப் பாருங்கள். குழாய் நசுங்கி மடங்க வேண்டும், மூட்டு விடக் கூடாது. ஓட்டத் தொடங்கிய பிறகு அவ்வப்போது மூட்டு ஓரங்களைத் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் முடி அளவு கோடோ, துரு கசிந்த தடமோ தெரிந்தால் அங்கே விரிசல். அதன் மேல் ஆர்க் வெல்டு வைக்க யாரையும் விடாதீர்கள், இரும்பில் பித்தளை கலந்தால் வெல்டு விரிசல் விட்டுவிடும். பழைய பித்தளையை முழுதாக ராவி எடுத்து, மறுபடியும் பித்தளையிலேயே பற்றவைக்க வேண்டும்.